நவியம்: வாயும் சுரையும் காழும்

புறநானூற்றின் 36-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் ஒரு கோடரியைக் காட்டுகின்றார். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருக்கின்றான். அரணின் புறத்தே காவல்மரங்கள் வெட்டுண்டு வீழ்கின்றன. வெட்டும் ஓசை மதிலைக் கடந்து, மனையினுள் இனிதிருக்கும் வேந்தன் செவியிலும் படுகின்றது. அவன் வெளிவந்து பொருதானில்லை. அத்தகையவனோடு போர் செய்தல் நாணத்தக்கது எனப் புலவர் சோழனுக்கு எடுத்துரைக்கின்றார். பாட்டின் கருத்து இஃதாயினும், ஈண்டு நாம் கருதுவது மரத்தை வீழ்த்திய கருவிக்குப் புலவர் தந்த அடைகளையே. கொல்லனின் வலிய கை, அவன் இட்ட அரம், அதனால் அமைந்த வாய், நெடிய காம்பு என நான்கு செய்திகளை அவர் ஒரு கோடரிக்கு உரியனவாக வைக்கின்றார்.

இவற்றை வருணனை எனக் கொண்டு, 'கூரிய கோடரி' எனப் பொருள் கூறிக் கடந்துவிடுதல் நம் வகுப்புகளில் வழக்கமாகிவிட்டது. பொருள் பிழையன்று, ஆயினும் குறைவுடையது. கோடரியை விலைக்கு வாங்கும் மரவெட்டி எவற்றைப் பார்த்து அதன் உறுதியை மதிப்பிடுவானோ, அவையே அப்பாட்டின் அடைகளாக அமைந்துள்ளன. சங்கப் புலவர் கருவிகளைப் பற்றிக் கூறும் அடைகள் பல, தொழில் அறிந்தார் செய்த மதிப்பீடுகள் என்பதும், அத்தொழிலறிவோடு வைத்து நோக்கினாலன்றி அவை முழுப்பொருள் தாரா என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் பெயர்களைக் காண்போம். நவியம், மழு, கணிச்சி, குடாரி, கோடரி, கோடாரி, கோடாலி என இக்கருவிக்கும் இதன் இனத்துக்கும் பெயர்கள் பல. இவற்றுள் கணிச்சி, கோடரியையே குறிக்கும் எனத் துணிதல் இயலாது. அகழும் கருவியையும் அப்பெயர் குறிக்கும். 195-ஆம் புறப்பாட்டில் நரிவெரூஉத்தலையார் அதனைக் கூற்றுவன் கையில் வைக்கின்றார். மழு பெரிதும் படைக்கலமாகவும் தெய்வத்தின் கையதாகவும் வருவது. வேலைக்குரிய கருவியாக, மரத்தோடு சேர்த்துப் பேசப்படுவது நவியமே. கோடரி என்னும் சொல்லைக் கோடு, அரி எனப் பிரித்து, 'கிளையை அரிவது' எனப் பொருள் கூறுவாருளர். கேட்பதற்கு இனிய விளக்கமே. எனினும் மலையாளத்தில் கோடாலி, கன்னடத்தில் கொடலி, தெலுங்கில் கொட்டலி என இச்சொல் வழங்குதலின், இனமொழிகள் மூன்றும் லகர உயிர்மெய்யையே ஈற்றில் காட்டுகின்றன. ஆதலின் கோடாலி என்பதே பழைய வடிவத்துக்கு அணித்தாகலாம். கோடரி என்பதும் அதனைப் பிரித்துக் கூறும் பொருளும் பின்னர் எழுந்தனவாகலாம். வடமொழிக் 'குடாரம்' இக்குடும்பத்தோடு தொடர்புடையது எனக் கருதும் மொழிநூலாரும் உளர்.

இனி வாய். கருவியின் வெட்டும் விளிம்பை வாய் என்றல் இன்றும் கொல்லருலகில் வழங்குவது. அவ்வாயை அரம் செய்தது என்கின்றார் ஆலத்தூர் கிழார். அரம் இரும்பைத் தின்னும் கருவி. அரத்தால் பொரப்பட்ட பொன்னைத் திருவள்ளுவர் 888-ஆம் குறளில் உவமையாக்குகின்றார். அங்குப் பொன் என்பதற்குப் பரிமேலழகர் இரும்பு எனப் பொருள் கொள்வர். அரம் ஓர் இரும்பைத் தின்ன வேண்டுமாயின் அவ்விரும்பினும் அது கடியதாதல் வேண்டும். எனவே நவியத்தின் வாய்க்கு ஒரு பதமும் அரத்துக்கு அதனினும் கடிய ஒரு பதமுமாக, இரு வேறு பதங்களில் எஃகைத் தோய்க்க அக்காலக் கொல்லன் அறிந்திருந்தான் என்பது இவ்வோர் அடையினின்றே பெறப்படும்.

தோய்ச்சலுக்கு முன்னரே, இரும்பு மெல்லியதாக இருக்கும்போது அராவியிருத்தல் கூடாதோ எனின், கூடும். கொல்லர் அவ்வாறு செய்வதும் உண்டு. ஆயினும் தோய்ச்சலுக்குமுன் விளிம்பை முழுக்கூர்மைக்குக் கொணர்தல் இல்லை. மெல்லிய விளிம்பு நீரில் வெடிக்கும், நெருப்பில் கரியிழக்கும். சிறிது தடிப்பாக விட்டுத் தோய்த்துப் பின்னரே இறுதிக் கூர்மை செய்வர். மேலும் 23-ஆம் புறப்பாட்டில் கல்லாடனார், ஊர்தோறும் காவல்மரங்களை வெட்டிய நவியத்தை வடித்தல் பயின்றதாகக் கூறுகின்றார். வடித்தல் ஒருமுறை செய்து முடிவதன்று, பயிலப்படுவது. மழுங்குந்தோறும் உலைக்கு மீண்டு, காய்ச்சித் தட்டி, நீட்டிக் கூராக்கப்பட்ட கோடரி அது. வேல் வடித்துத் தருதலைக் கொல்லனின் கடமையாகப் பொன்முடியார் 312-ஆம் பாட்டில் வைத்ததும் இங்கு நினையத்தகும். எனவே அரம் ஒரு தொழில், வடித்தல் மற்றொரு தொழில். முன்னது விளிம்பைத் தேய்த்துக் கூராக்குவது. பின்னது நெருப்பும் சம்மட்டியும் கொண்டு வாயையே புதிதாக்குவது. இரண்டையும் 'கூரிய' என்னும் ஒரே சொல்லால் உரைத்துவிடின் இவ்வேறுபாடு மறைந்துபோகும்.

இவ்வாறு மீண்டும் மீண்டும் உலைக்குச் செல்ல, உலை அணித்தாக இருத்தல் வேண்டும். ஆனால் ஊர்க்கு ஓர் உலை இருந்ததில்லை. ஏழூர்களின் பொதுவேலைக்கு ஓர் ஊரில் அமைந்த உலையின் துருத்தியைத் தலைவியின் நெஞ்சுக்கு உவமையாக்குவது குறுந்தொகை 172-ஆம் பாட்டு. ஓயாமல் மிதிபட்டு, வேலையின் எல்லை அறியாது வருந்துவது அத்துருத்தி. அதனைப் பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். கச்சிப்பேடு இன்றைய காஞ்சிபுரமே என்பர் அறிஞர். அவ்வுவமை பிறந்த நாட்டிலேயே, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், இன்றும் அதே நிலைமையைக் காணலாம். கடைத்தெருவை அடுத்து உலை வைத்திருக்கும் முதிய கொல்லர் ஒருவரிடம் சுற்றூர்களிலிருந்து அரிவாளும் மண்வெட்டியும் கோடரியும் வருகின்றன. துருத்தியின் இடத்தை மின்விசிறி பெற்றுவிட்டது. ஏழூர் வேலை மட்டும் மாறவில்லை. கோடரியை மதிப்பிடும் முறைபற்றிக் கீழே யான் கூறுவனவற்றுட் பல அவரிடம் கேட்டறிந்தவை.

அவர் வாயை மூன்று வகையாக ஆராய்கின்றார். முதலாவது, பழைய அரம் ஒன்றை விளிம்பின்மேல் மெல்ல இழுத்துப் பார்த்தல். அரம் கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் வழுக்கின் பதம் மிகுதி. வைரம் பாய்ந்த மரத்தில் பட்டவுடன் வாய் சிதறும். மெழுகில் இறங்குவதுபோல் இறங்கின் பதம் குறைவு, விளிம்பு மடங்கும். சிறிது பற்றிச் சிறிது விடுவதே நற்பதம். ஆலத்தூர் கிழார் கூறிய அரமும் வாயும் இங்கே ஒரு சோதனையாக நிற்பதைக் காண்க. இரண்டாவது, நிறம். நீரில் தோய்த்த எஃகை மீண்டும் இளஞ்சூட்டில் காட்டும்போது அதன்மேல் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஏறத்தாழ 220 பாகை வெப்பத்தில் மஞ்சளும், 280 பாகையை ஒட்டி ஊதாவும், 300 பாகையளவில் நீலமும் தோன்றும். மஞ்சளில் நிறுத்தியது மழிக்கும் கத்திக்கு ஆகும். நீலத்தில் நிறுத்தியது வில்லுக்கு ஆகும். ஊதாவை அடுத்து நிறுத்துவதே கோடரிக்குத் தக்கது. கடையில் விற்கும் கோடரிகளில் வண்ணம் பூசப்பட்டிருத்தலின் இச்சோதனைக்கு வழியில்லை. மூன்றாவது, ஓசை. தலையைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் கணீரென ஒலித்தல் வேண்டும். உள்ளே வெடிப்பிருப்பின் ஒலி அமுங்கும்.

ஈண்டு எஃகின் இயல்பு சிறிது கூறுதல் வேண்டும். தேனிரும்பில் கரியின் அளவு நூற்றுக்கு 0.1 பங்கினும் குறைவு, அது வளையும், உடையாது, தோய்த்தாலும் கடினமாகாது. கொடுமணல் முதலிய பழைய ஊர்களில் தடயம் கிடைத்துள்ள மூசை உருக்கில் கரி நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை இருக்கும். அது மிகக் கூர்மை ஏற்கும், ஆனால் அடி தாங்காது. முழுதும் உருக்கால் ஆன கோடரியே மேலானது என எண்ணுதல் இயல்பு. அது பொருந்தாது. வாய்க்குக் கடினமும் உடலுக்குத் தாங்கும் திறனும் வேண்டப்படுதலின், தேனிரும்பைத் துளைக்காக வளைத்து, அதன் இரு உதடுகளுக்கிடையே உருக்கு ஒன்றை வைத்துக் காய்ச்சி ஒட்டியதே உலகின் பல நாடுகளிலும் பழங்கோடரியின் சிறந்த அமைப்பாக விளங்கிற்று. இன்று கொல்லர் பெரும்பாலும் கொள்வது கழிந்துபோன லாரியின் வில்பட்டை. அதன் கரியளவு நூற்றுக்கு 0.5 முதல் 0.6 வரை, இரண்டுக்கும் நடுப்பட்டது. அதனால் ஒட்டுவேலை இன்றி ஒரே துண்டில் கோடரி அமைகின்றது. வாயை மட்டும் தோய்த்து உடலை மென்மையாக விடுதலால் பழைய அமைப்பின் பயனை ஒருவாறு பெறுகின்றனர்.

ஒட்டுக் கோடரியை வாங்குவோன் உருக்கு எவ்வளவு ஆழம் வைக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்தல் வேண்டும். அராவுந்தோறும் வாய் தேய்கின்றது. உருக்குத் தீர்ந்து தேனிரும்பு வெளிப்படும் நாளே அவ்வாயின் இறுதி நாள். வள்ளுவர் அரத்தைத் தேய்வுக்கு உவமையாக்கியதன் நுட்பம் இதனால் விளங்கும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. பல்லாண்டுக்குப்பின் பார்த்தால் கருவி பாதியாகியிருக்கும்.

வாயினும் ஆராயத்தக்கது வாய்க்கும் காம்புக்கும் இடையிலுள்ள பொருத்து. இதனைப் பழந்தமிழர் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்குத் தொண்டை நாட்டுப் பாட்டே சான்று. கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், எயினர் மகளிர் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கின்றனர். அவர் கையிலுள்ள கோல் தலையில் இரும்பு பொருத்தப்பட்டது. அவ்விரும்பு உளிபோன்ற வாயும், கோல் புகும் சுரையும் உடையது. தலை, கோல், வாய், சுரை என நான்கு உறுப்புகளையும் ஓரிடத்தில் பெயர் சொல்லிக் காட்டிவிடுகின்றார் புலவர். சுரை என்பது உள்ளே குடைவாக அமைந்து மரத்தைத் தன்னுள் ஏற்கும் பகுதி. கோடரியில் காம்பு நுழையும் துளைக்கும் இச்சொல்லை ஆளுதல் தகும் என்பது என் கருத்து. புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

சுரை எவ்வாறு கெடும் என்பதை ஔவையார் கூறுகின்றார். 97-ஆம் புறப்பாட்டில், பல போர் கண்ட அதியமானின் வேல்கள் சுரையில் பொருந்திய காழோடு மடை கலங்கி நிலைதிரிந்தன என்பது செய்தி. மடை என்பது இங்கு மூட்டுவாய், அதனை இறுக்கும் ஆணியுமாம். வேல் முனை மழுங்கிற்று என்று அவர் தொடங்கவில்லை. பொருத்து ஆட்டங்கண்டது என்கின்றார். உண்மையில் கருவி முதலில் தளர்வது அங்கேதான். உத்திரமேரூர்க் கொல்லர் கூறியது இதற்கு உரைபோல் உள்ளது: "வாய் போனா வேற வாய் வெச்சுக்கலாம் ஐயா, காம்பு போனா வேற காம்பு. ஓட்டைப் பக்கம் வெடிச்சா பழைய இரும்புக்குத்தான் போகும்."

இப்பொருத்தின் வரலாறு நெடியது. கற்காலக் கருவிகளுள் 'கைக்கோடரி' எனப்படுவது காம்பே இல்லாதது, கைக்குள் பிடித்தது. ஆதலின் அப்பெயர் சிறிது மயக்கம் தருவதே. இராபர்ட் புரூசு பூட்டு 1863-இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துப் பல்லாவரத்தில் இந்தியாவின் முதற் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தமை யாவரும் அறிவர். பின்னர்ப் புதிய கற்காலத்தில் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரி மரக்காம்பில் செருகப்பட்டது; கல் மரத்துக்குள் நுழைந்தது. இரும்புக் காலத்தில் முறை மாறி, மரம் இரும்புக்குள் நுழைந்தது. இம்மாற்றத்தின் இடைப்படியையும் அகழ்வாய்வு காட்டுகின்றது. மகாராட்டிர மாநிலத்து விதர்ப்பப் பகுதியில், மாகுர்சாரி முதலிய இடங்களின் பெருங்கற்காலப் புதைகுழிகளில் துளையில்லாத தட்டைக் கோடரிகள் கிடைத்துள்ளன. அவற்றைக் காம்போடு இறுக்க இரும்புப் பட்டையைக் குறுக்காகப் பூட்டியிருந்தனர். எஃகு செய்யும் அறிவு வளர்ந்த பின்னரும் பொருத்தின் சிக்கல் தீரவில்லை என்பது இதனால் தெரிகின்றது. மதுராந்தகத்தை அடுத்த சானூரில் இந்தியத் தொல்லியல் துறையினர் 1950, 1952 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்த பெருங்கற்காலக் கல்லறைகளும் இரும்புக் கருவிகள் தந்தனவே. சிவகளையின் இரும்புக் காலத்தை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுசெல்லும் காலக்கணிப்புகளைத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் வெளியிட்டபின், இரும்பு எப்பொழுது தோன்றிற்று என்னும் வினாவே எங்கும் பேசப்படுகின்றது. அவ்விரும்பு மரத்தோடு எவ்வாறு பொருத்தப்பட்டது என்பதும் அதனோடொப்ப ஆராயத்தக்கதே.

நல்ல துளைக்கு அடையாளம் யாது? முற்றும் வட்டமாயின் காம்பு கைக்குள் சுழலும். சற்று நீள்வட்டமாக இருத்தல் நன்று. சுவர்கள் இருபுறமும் ஒத்த தடிப்புடையனவாதல் வேண்டும். காம்பை மேலிருந்து செருகும் வகையில் துளை மேலே அகன்று கீழே ஒடுங்கியிருப்பின், வீசுந்தோறும் தலை தானே இறுகும், கழன்று பறவாது. கீழிருந்து செருகும் வகைக்கு ஆப்பு இன்றியமையாதது. ஆப்பு இரும்பாயின் உடனே இறுகும், ஆனால் மரத்தைப் பிளக்கும். மரமாயின் காம்போடு சேர்ந்தே வற்றி ஈரம் பெறும். இறுதியாக, கோடரியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி நோக்கினால் வாயின் கோடும் காம்பின் நடுக்கோடும் ஒன்றாதல் வேண்டும். சிறிது விலகினும் ஒவ்வொரு வீச்சும் ஒருபால் சாயும். அதனைத் தாங்குவது கொல்லன் கை அன்று; வெட்டுவோன் மணிக்கட்டு.

காம்புக்கு மரம் தெரிந்தெடுக்கும் முறையைத் தொல்காப்பிய மரபியல் நேரே கூறவில்லை. ஆயினும் அதற்கு அடிப்படையான பகுப்பு அங்கே உள்ளது. அகத்தே வைரமுடையன மரம் என்றும் புறத்தே வைரமுடையன புல் என்றும் அது பகுக்கின்றது. மூங்கில் புறக்காழ் உடையது; அதனைச் செதுக்கினால் வலிமையே போய்விடும். ஆகவே உருட்டி இழைக்க வேண்டிய கோடரிக் காம்புக்கு அகக்காழ் உடைய மரமே ஏற்றது. வேல், கோடரி இவற்றின் காம்பைக் காழ் என்று கூறும் வழக்கும் இதனால் தெளிவாகும். காழ் என்பது வைரம். வைரத்தால் செய்யப்பட்ட காம்புக்கு அதுவே பெயராயிற்று. கருவேலம், உசிலை, விடத்தலை, வெக்காலி முதலியன தமிழ்நாட்டில் காம்புக்குக் கொள்ளப்படும் மரங்கள். இவற்றிலும் நடுநெட்டி உள்ளே அகப்படாமலும், நார் தலைமுதல் அடிவரை நேரே ஓடுமாறும், நிழலில் உலர்த்தியும் கொள்ளுதல் வேண்டும். நார் குறுக்கே ஓடி வெளிப்படும் இடத்தில் காம்பு முறியும். வெளித்தோற்றம் எவ்வளவு வழவழப்பாயினும் அதனை மாற்ற இயலாது. தன் குலத்தையே அழிப்பவனைக் கோடாலிக் காம்பு என்று பழித்தல் உலக வழக்கு. பழிப்புரையாயினும், மரத்தை வெல்ல மரத்தின் வைரமே வேண்டும் என்ற உண்மை அதனுள் அடங்கியுள்ளது.

முள்மரம் காழ்த்தபின் அதனைக் களைவார் கையையே கொல்லும் என 879-ஆம் குறள் கூறும். முள்ளால் விளையும் ஊறாக மட்டும் இதனைக் கொள்ளாமல், வைரத்தில் பட்டு மீளும் அதிர்ச்சியையும் சேர்த்துக் கொள்ளலாம் என்று தோன்றுகின்றது. காழ்த்த என்ற சொல் முள்ளினும் வைரத்தையே சுட்டுவது. ஏரிக்கரைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டுவோரைக் கேட்டால், முள் தைத்த காயம் நாளிரண்டில் ஆறும், தோள் நோவு ஆறாது என்பர். நெடிய காம்பும் நல்ல அகக்காழும் அந்த அதிர்ச்சியை ஓரளவு தம்முள் வாங்கிக்கொள்ளும். ஆலத்தூர் கிழார் நெடுமையை விடாது கூறியதன் பயன் இவ்வகையிலும் காணத்தக்கது.

எஞ்சியது மதிப்பு. உத்திரமேரூர், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ் பெற்ற ஊர்; அவற்றின் காலம் கி.பி. 919, 921. அங்குக் குறிக்கப்படும் வாரியங்களுள் பொன் வாரியமும் ஒன்று. பொன்னின் மாற்றுக் காண்போரைத் தெரிந்தெடுக்கும் முறையையும் அவ்வூர்ச் சபையார் தனியே வகுத்துக் கல்லில் பொறித்தனர். பொன்னுக்கு உரைகல் உண்டு. உரைத்த அளவில் மாற்று விளங்கும். இரும்புக்கு அத்தகைய கல் இல்லை. மேற்கூறிய அரமும் ஓசையும் நிறமும் குற்றங்களை விலக்க உதவுமேயன்றி, கோடரி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைக் கூறமாட்டா. எடைக்கு விலை கூறும் கடைகளில் கனத்த கோடரி மேலானதாகத் தோன்றும். கனம் வெட்டுக்கு உதவுவதும் உண்மையே. ஆனால் நாள் முழுதும் அதனைத் தூக்குவோன் மாலையில் வேறு கருத்துக் கொள்வான்.

இவ்விடத்தில் 95-ஆம் புறப்பாட்டை மீண்டும் படித்தல் வேண்டும். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் காண்கின்றார். அங்குள்ளவை பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோலப் பழித்தது என இதன் நயத்தை எல்லோரும் கூறுவர். யான் கூறுவது அதனோடு மாறுபட்டதன்று. அந்நயம் தொழிலறிவின்மேல் நிற்பது என்பதே. நெய் பூசுதல் வீண் ஒப்பனையன்று. துருவினின்று இரும்பைக் காக்கும் முறையான செயல். காம்பு திருத்துதலும் அவ்வாறே. ஔவையார் தொண்டைமானின் கொல்லரையோ காவலரையோ குறைகூறவில்லை. அவன் கருவிகள் உலைக்கு மீளும் அளவுக்கு ஒருமுறையேனும் உழைத்ததில்லை என்பதையே சுட்டுகின்றார். பட்டறையில் கிடத்தல் ஒரு கருவிக்கு இழிவாகாது. சிதைந்தும் மீண்டும் வடிக்கத்தக்கது என்பதே அதன் அமைப்பின் உறுதிக்குச் சான்று.

உத்திரமேரூர்ப் பட்டறையின் மூலையில் இரு கோடரிகள் சாத்தப்பட்டிருந்தன. ஒன்று வண்ணம் மாறாத புதியது, பட்டணத்துக் கடைச் சரக்கு; வாங்கிய சின்னாளில் துளையின் ஒரு சுவர் வெடித்துவிட்டது. மற்றொன்று வாய் தேய்ந்து தேய்ந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. உரியவரின் தந்தையார் காலத்தது. இருமுறை உருக்கு மாற்றப்பட்டது. காம்புகள் எத்தனை மாறின என்பதற்குக் கணக்கில்லை. துளையின் உட்புறம் மட்டும் காம்பு உராய்ந்து கண்ணாடிபோல் மின்னிற்று. முன்னதற்கு அவர் பழைய இரும்பு விலை கூறினார். பின்னதை விலைக்குக் கேட்டபோது, உரியவர் அதனை மூன்றாம் வாய்க்காகக் கொடுத்திருக்கின்றார், விற்பதற்கன்று என்றார்.